நாலு கயிற்றுப் பட்டமும் முருகலட்சுமியும்

என் அக்கா முருகலட்சுமிக்கு நாற்பத்தாறு வயது. கமுதிக்குத் தெற்கே மூன்று ஏக்கரில் மிளகாய் போடுகிறாள். பட்டமும் விடுகிறாள். இந்த இரண்டாவதைச் சொல்லும்போது ஊரில் குரலைத் தாழ்த்துகிறார்கள். நான் தாழ்த்துவதாக இல்லை.

அது காகிதப் பட்டம் அல்ல. விரித்தால் ஆள் நீளத்துக்கு மேல், கறுப்பு வௌவால் மாதிரி கிடக்கும். கைக்கு ஒரு பிடி, பிடிக்கு இரண்டு கயிறு, ஆக நாலு. மேல்கயிற்றை இழுத்தால் முன்னே பாயும். கீழ்க்கயிற்றை இழுத்தால் பின்னால் நகரும். இரண்டையும் சரிக்கட்டினால் நடுவானில் அப்படியே நிற்கும். வேலைக்குப் போன ராட்டர்டாமில் அதை வாங்கியவன் நான். மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே கடற்கரை மணலில் அதைத் தலைகுப்புறக் குத்தினேன், அவ்வளவுதான். போன வருட விடுப்பில் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, வறண்ட கண்மாய்க்குள் அக்கா முன்னாலும் குத்தினேன்.

"ஏலே, காத்து திரும்பி எந்நேரமாச்சு? நீ திரும்பாம நிக்கிற" என்றாள்.

வத்தல் களத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். தவறினால் நெடி கண்ணை எரித்துவிடும். பதினைந்து வயதிலிருந்து அக்காவின் முதுகு காற்றைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. பிடிகளை வாங்கினாள். சாயங்காலத்துக்குள் பட்டம் அவள் சொன்ன இடத்தில் நின்றது. "இழுத்தா வருது, நில்லுன்னா நிக்குது. நம்ம வீட்டுல எது இப்படி?" என்று அத்தானைப் பார்த்தாள். அத்தான் குருநாதன் துண்டை உதறிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு வெளிநாட்டில் எனக்குத் தூக்கம் குறைந்தது. "மகனைக் காலேஜுக்கு அனுப்பிட்டு ஆத்தா வெளையாடப் போயிருச்சு" என்ற ஊர்ப்பேச்சு போனில் வந்தபோதெல்லாம், வாங்கிக் கொடுத்த குற்றம் என்னுடையது என்றே நினைத்தேன். கொஞ்ச நாள் எடுத்து வை என்று கெஞ்சினேன். "எத்தன நாளு?" என்று கேட்டாள். மிளகாய் விலையைக் கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

இந்த வருடம் ஆடி அமாவாசைக்கு நானும் போயிருந்தேன். ராமேஸ்வரத்தில் திதி கொடுத்துவிட்டு, வேனில் எல்லோரும் தனுஷ்கோடிக்குப் போனோம். அக்காவின் மடியில் பட்டப் பை.

அவள் கொழுந்தன் காளிதாஸ் ஆரம்பித்தார். "மதினி, திதி குடுக்க வந்த எடத்துல இதெல்லாம் தேவையா?"

"திதி குடுத்தாச்சே. அவுக சாப்பிட்டுப் போயிருப்பாக."

"சரி, ஒரே பேச்சு. இன்னைக்கு ஏறலைன்னா இதப் பரண்ல போட்டுறணும். அப்பறம் எடுக்கக் கூடாது."

அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அதான் சரி" என்றார்.

"போட்டுறேன்" என்றாள் அக்கா.

மணலில் பட்டத்தை நிறுத்தி இழுத்தாள். எழும்பியது, இடப்பக்கம் சுழன்றது, தலைகுப்புற விழுந்தது. இன்னொரு தடவையும் அதே சுழற்சி. வேனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நாலு கயிற்றையும் சேர்த்துப் பிடித்து நீட்டிப் பார்த்தாள். ஒன்று மட்டும் ஐந்து முழம் குறைந்திருந்தது. நுனியில் புது முடிச்சு.

காளிதாஸ் சிரிப்பை நிறுத்தினார். "முந்தாநேத்து மூட்டை வாய் தைக்கச் சணல் பத்தல மதினி. வெள்ளையாக் கெடந்துச்சு, நல்ல முறுக்கு. ஒரு துண்டு எடுத்தேன். நூலுதான?"

"நாலு மூட்டை தைச்சிருப்பீரா?"

"மூணு."

நான் குறுக்கே விழுந்தேன். "அக்கா, இது இங்க எங்கயும் கெடைக்காது. போனதும் புதுசு அனுப்புறேன். இன்னைக்கு விட்டுரு."

"அனுப்புவ. அது வார வரைக்கும் நான் பரண அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கவா?"

மாங்காய்க் கீற்று விற்ற பெண்ணிடம் கத்தியை வாங்கினாள். "காளி, இங்கன வந்து நுனியப் பிடியும். நாலும் சமமா. கை ஆடக் கூடாது." அவர் பிடித்தார். குறைந்த கயிற்றுக்குச் சரியாக, முடிச்சுக்கு மட்டும் இடம் விட்டு, மீதி மூன்றையும் அறுத்தாள். மூட்டைக்குப் போடுகிற அதே இரட்டை முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.

கயிறு குறைந்தால் பட்டத்துக்கு வேகம் கூடும். கை ஒரு நொடி பிந்தினாலும் மணல்தான். அது சீறிக்கொண்டு ஏறியது. அக்கா குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தாள். வலமாக ஒரு வட்டம், இடமாக ஒன்று. பிறகு அதைத் தலைகீழாக இறக்கி, கயிற்றின் அந்த முனையிலேயே நின்ற காளிதாஸின் மூக்குக்கு ஒரு முழம் மேலே நிறுத்தினாள். அவர் அசையவில்லை. பட்டமும் அசையவில்லை.

"மதினி, எடுங்க மதினி."

"பரணு எங்கன இருக்கு, சொல்லும்."

அத்தான்தான் முதலில் சிரித்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கை வேலையாக இருந்தது.

ராட்டர்டாமுக்குத் திரும்பிய வாரமே முழு நீளக் கயிறு வாங்கி அனுப்பினேன். வந்து சேர்ந்ததா என்று கேட்க நாலு தடவை போன் செய்தேன். ஐந்தாவது தடவை எடுத்தாள்.

"வந்துச்சுலே. அதுல மூட்டை தைக்கச் சொல்லி காளிட்ட குடுத்துட்டேன். நீளக் கயித்துல இது சோம்பேறியாப் போகும். எனக்கு வெட்டுனதே போதும்."