கடைசிப் படத்தின் ஆறாவது படம்

கரீபியக் கடலில் உள்ள யூனியன் தீவில் ஆஸ்மண்ட் மல்சாக் கேமராவோடு தெருவில் இறங்கினால், உடம்பு சரியில்லாதவர்கள் எல்லாம் சட்டென்று குணமாகிவிடுவார்கள். இருமிக்கொண்டிருந்தவர் இருமலை விழுங்குவார். தடி ஊன்றி நடப்பவர் தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "குட் மார்னிங், நான் கல்லு மாதிரி இருக்கேன்!" என்று கேட்காமலே தகவல் சொல்வார்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்திரண்டு வருடமாக ஆஸ்மண்டின் பிழைப்பே சாவுப் புத்தகம்தான். அடக்கத்துக்கு வருகிறவர்கள் கையில், பாட்டும் வாழ்க்கைக் குறிப்பும் அச்சிட்ட சின்னப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அதன் அட்டையில் போனவர் பளிச்சென்று இருக்க வேண்டும். விவரமான பிள்ளைகள், பெற்றவர் படுக்கையில் விழுந்ததுமே ஆஸ்மண்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் போய்த் தலையணை முட்டுக்கொடுத்து நிமிர்த்தி, பவுடர் போட்டு, கோட்டு மாட்டி எடுப்பார். சில வாரத்தில் கோயில் மணி அடிக்கும். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'கடைசிப் படம்'.

ஆனால் மனுஷனின் மனசு முழுக்கக் கடலில் கிடந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு சின்னப் படகை எடுத்துக்கொண்டு மேரோ தீவு, பவளத்திட்டுகள் என்று சுற்றுவார். ஆமை தலை தூக்கும் ஒரு நொடிக்காக மூன்று மணி நேரம் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார். அப்படி எடுத்த படங்களை வெளிநாட்டுப் பயணப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பி வைத்தார். ஆச்சரியம், பதில் வந்தது. ஐந்து படம் எடுத்துக்கொள்கிறோம், ஆறாவதாகத் தீவுக்காரர் ஒருவரின் முகம் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் எங்கள் ஆளையே அனுப்பி எல்லாவற்றையும் புதிதாக எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அவர் பெயர் வரும். அந்தப் பொடி எழுத்துக்காகத்தான் அத்தனை ஆசையும். சாவுப் புத்தகத்தில் பாதிரியார் பெயர் வரும், பூ வாங்கிக் கொடுத்தவர் பெயர்கூட வரும். படம் எடுத்தவர் பெயர் இதுவரை வந்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆஷ்டன் கடற்கரையில், பாதாம் மரத்தடியில் கேப்டன் நெஸ்பிட் புதுப் படகு ஒன்று செய்துகொண்டிருந்தார். எழுபது வயது, தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. கேட்டால் ஓடிவிடுவார் என்று தெரிந்து, ஆஸ்மண்ட் புதர் மறைவிலிருந்து நீள லென்ஸில் எடுத்தார். வேர்வையும் மரத்தூளுமாக, மரம் செதுக்கும் வாய்ச்சியை ஓங்கிய கை. அப்படி ஒரு படம் அவர் வாழ்நாளில் எடுத்ததில்லை.

புதரிலிருந்து அவர் எழுந்ததை, கடையிலிருந்து வந்துகொண்டிருந்த கேப்டனின் மனைவி மிஸ் குளோட்டில் பார்த்துவிட்டாள். கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. அதற்கு மேல் ஊருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மதியத்துக்குள் அவள் வீட்டு வாசலுக்கு நாற்காலிகள் வந்தன. காபி கொதித்தது. சாவு வீட்டு வழக்கப்படி டோமினோ மேஜை போட்டார்கள். புரூக்ளினிலிருந்து கேப்டனின் ஒன்றுவிட்ட தம்பி போன் செய்து, அடக்கம் என்றைக்கு, விமான டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது என்று அவசரப்படுத்தினான். பசியோடு வீட்டுக்கு வந்த கேப்டன், கூட்டத்தைப் பார்த்து, துக்கப் பாட்டைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "யாரு போயிட்டாங்க?" என்று துக்கமாகக் கேட்டார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

கால் மணி நேரத்தில் அவர் வாய்ச்சியும் கையுமாக ஆஸ்மண்டின் கதவை இடித்தார்.

"டேய் கடைசிப் படம்! எனக்கு என்னடா நோவு?"

"ஒண்ணும் இல்ல கேப்டன். பத்திரிகைக்காக எடுத்தேன். பயணப் பத்திரிகை."

"பயணமா? என்னை எங்கடா அனுப்பப் பாக்குற? அங்க நாப்பது பேர் உக்காந்து என் கோழியத் தின்னுக்கிட்டிருக்கானுங்க! அழி. என் கண்ணு முன்னால அழி."

ஆஸ்மண்ட் கெஞ்சிப் பார்த்தார். கேப்டன் மசியவில்லை. அழிக்கும் பொத்தானை அழுத்தினார். அன்று அவர் சாப்பிடவில்லை.

புதனும் வியாழனும் தீவில் ஒரு முகமும் அகப்படவில்லை. மீன்காரர்கள் கேமராவைக் கண்டதும் நங்கூரத்தைத் தூக்கினார்கள். வெள்ளிக்கிழமை காலையில், இனி அவ்வளவுதான் என்று கிளிஃப்டன் துறையில் நின்றபோது, சங்குச்சதை விற்கும் யூலா குவாஷி கூப்பிட்டாள். அறுபது தாண்டியவள், ஊருக்கே டான்டி, அத்தை முறை.

"இங்க வா கடைசிப் படம். என்னை எடு."

ஆஸ்மண்ட் கேமராவைக் கீழே இறக்கினார். "டான்டி, டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"அவர் என்ன சொல்றது! உன்னையே குழியில இறக்கிட்டுத்தான் நான் போவேன். என் அக்காவோட சாவுப் புத்தகத்துல என்ன படம் போட்டாங்க? அடையாள அட்டைப் படம். கோழி திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி முழிக்கிறா. எனக்கு அது வேணாம். பல்லு இருக்கறப்பவே சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுத்து வை."

"பத்திரிகைக்கும் அனுப்பட்டுமா?"

"தாராளமா அனுப்பு."

"அப்ப இப்படியே உக்காருங்க டான்டி. இந்த அழுக்குத் துணியோட, கையில சங்கோட..."

"இந்தக் கோலத்துலயா? ஆண்டவர் முன்னால நாத்தத்தோடயா போய் நிக்கச் சொல்ற?"

போனவள் அரை மணி கழித்து வந்தாள். நீலப் பட்டுக் கவுன், வெள்ளைக் கையுறை, குடை அளவுக்கு ஒரு தொப்பி. சங்குக் குவியலுக்கு முன்னால், கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவள் போல விறைத்து உட்கார்ந்தாள்.

"சிரிங்க டான்டி."

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

பத்திரிகை போயிற்று என்று ஆஸ்மண்டுக்குப் புரிந்துவிட்டது. சரி, அக்காவுக்கு நேர்ந்தது இவளுக்காவது நேரக்கூடாது என்று முழங்காலிட்டு, ஒழுங்காக வெளிச்சம் பார்த்தார். அப்போது துறைக்கு வந்த படகுக்காரன் ஒருவன் தொப்பியையும் பார்த்தான், ஆஸ்மண்டையும் பார்த்தான்.

"ஐயோ டான்டி, கிளம்பியாச்சா? அந்தத் தொப்பிய எனக்கு எழுதி வச்சிட்டுப் போங்க!"

"வாடா, உன் மண்டையில எழுதி வைக்கிறேன்!" யூலா ஒரு சங்கைத் தூக்கி ஓங்கினாள். ஓங்கியவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொப்பி சரிந்தது. ஆஸ்மண்ட் அழுத்திவிட்டார்.

மூன்று மாதம் கழித்துப் பத்திரிகை படகில் வந்தது. ஆமையும் பவளமும் பின்பக்கங்களில் இருந்தன. யூலா முதல் பக்கம் முழுக்கச் சிரித்தாள். ஆஸ்மண்ட் அதை ரம் கடை மேஜையில் ஏதோ மறந்து வைத்தவர் போல வைத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்தார்.

கேப்டன் நெஸ்பிட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தை உரக்கப் படித்தார். "படம், ஆஸ்மண்ட் மல்சாக். யாருடா இவன்?"

"வெளியூர்க்காரனா இருப்பான்" என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூலா எழுந்தே விட்டாள். "நான் உக்காந்தது நம்ம கடைசிப் படத்துக்கு! இவன் எங்கேருந்து வந்தான்? உன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தானாடா?"

"நானும் அதான் பாக்குறேன்" என்றார் கேப்டன். "தொப்பி கோணலா இருக்கு. நம்ம ஆளு எடுத்திருந்தா நேரா வச்சு எடுத்திருப்பான்."

"அது நான்தான்" என்றார் ஆஸ்மண்ட்.

கடையே சிரித்தது. வேறு வழியில்லாமல் அவர் அடையாள அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். கேப்டன் அட்டையையும் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரல் ஓட்டினார். சிரிப்பு அடங்கியது.

"அட, நிஜந்தான். நல்லவேளை இப்பவே சொன்ன. நாளைக்கு ரேடியோவுல உன் சாவுச் செய்தி வாசிக்கறவன் வெறும் ஆஸ்மண்ட் மல்சாக்னு சொல்லிட்டுப் போயிருந்தா, எவனோன்னு நாங்க இங்க டோமினோ ஆடிக்கிட்டிருந்திருப்போம். உன் அடக்கத்துக்கு ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்."

இருபத்திரண்டு வருடம் ஆசைப்பட்ட பெயர் அந்த மேஜையில் அனாதையாகக் கிடந்தது. ஆஸ்மண்டுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல கேப்டன்? இனிமே வருவீங்கதானே?" என்றார்.

"எப்படிடா வருவேன்? முதல்ல போறது நான், வரிசைய மாத்தாத." கேப்டன் கண்ணாடியைக் கழற்றினார். "நேரம் வர்றப்ப நானே சொல்லி அனுப்புறேன், நீ வந்து எடு. ஆனா இந்த ஆஸ்மண்ட் மல்சாக்குக்கெல்லாம் நான் உக்கார மாட்டேன். கடைசிப் படம் வந்தாத்தான் உக்காருவேன்."