பட்டியலில் இல்லாத காளை

போன வாரம் ஒரு காளை மாட்டின் முன்னால் தலைகுனிந்து நின்றேன். மாடு என்னை ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் நான்தான்.

அரிமளம் பக்கத்தில் ஓர் ஊரில் ஜல்லிக்கட்டு. காளைகளுக்கு ஆன்லைனில் டோக்கன் கொடுக்க ஒரு வெப்சைட் வேண்டும் என்றது விழாக் கமிட்டி. தலைவர் என் மனைவி வழிச் சொந்தம். மறுக்க முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, முறுக்கைக் கடித்துக்கொண்டே எழுதி முடித்தேன். முறுக்கில் இருந்த கவனம் புரோகிராமில் இல்லை என்பது விழாவன்று காலையில்தான் தெரிந்தது.

ஆவுடையார்கோவிலில் இருந்து மீனாட்சி அக்கா தன் சுள்ளானை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் நீச்சலுமாக வளர்த்த காளை. நுழைவு மேஜையில் இருந்தவர் பட்டியலைப் புரட்டினார்.

"ஒங்க பேரு இல்லையேத்தா."

"அதெப்படி? இந்தா, ‘பதிவு உறுதி’ன்னு மெசேஜ் வந்துருக்குல்ல!"

"மெசேஜ் இருக்கு, பேரு இல்ல. இதைச் செஞ்ச ஆளு அங்கிட்டு பஜ்ஜி தின்னுக்கிட்டு நிக்கிறாரு. அவரைக் கேளுங்க."

பஜ்ஜியும் கையுமாகப் பிடிபட்டேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். ஐந்தே நிமிடத்தில் குற்றவாளி சிக்கினார் — என் பெயர் கொண்டவர்.

டேட்டாபேஸில் விவரங்களைச் சேமிப்பது கொஞ்சம் நேரம் பிடிக்கும் வேலை. சர்வர் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது. வேலையை ஒப்படைத்துவிட்டு, ‘முடிந்ததும் சொல்கிறேன்’ என்று ஒரு ப்ராமிஸை வாங்கிக்கொண்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடும். மாட்டு டாக்டர் மேஜையில் சீட்டைக் கொடுத்துவிட்டு நாம் டீ குடிக்கப் போவதில்லையா... அப்படி. இதைத்தான் அசிங்க்ரனஸ் என்று பெருமையடித்துக்கொள்கிறோம்.

ஆனால், சேமித்த பிறகுதான் மெசேஜ் போக வேண்டும் என்றால்? சேமிக்கும் வரியில் ‘அவெய்ட்’, அதாவது ‘காத்திரு’, என்று ஒரே ஒரு சொல் போட வேண்டும். நான் போடவில்லை. ப்ராமிஸ் கைக்கு வந்த நொடியே எல்லோருக்கும் ‘பதிவு உறுதி’ பறந்துவிட்டது. சுள்ளான் விஷயத்தில் மட்டும் சேமிப்பு தோற்றது. தோற்ற சேதி, நடந்ததையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் லாக் ஃபைலில் போய் விழுந்தது. அதைத் திறந்து பார்க்க வேண்டியவர்? அடியேன்.

இதையெல்லாம் அக்காவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி... செய்யிறதுக்கு முன்னாடியே செஞ்சாச்சுன்னு அது எதுக்குச் சொல்லுது?"

"செஞ்ச ஆளு மாதிரித்தானே இருக்கும்" என்றார் மேஜைக்காரர்.

அவருக்கு எப்படித் தெரிந்தது? ‘கேஸ் புக் பண்ணியாச்சா’ என்று மனைவி கேட்டால், ‘ஆச்சு’ என்று சொல்லிவிட்டுத்தான் நான் போனையே தேடுவேன்.

அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு காளைகூடக் கூடாது, ஏதாவது கழிந்தால் பார்க்கலாம் என்றார் தலைவர். அக்கா மேஜையை மறித்துக்கொண்டு நிற்கவில்லை. போன் நம்பரைக் கொடுத்தார். "எடம் விழுந்தா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, சுள்ளானை வேப்ப மரத்தடியில் கட்டித் தண்ணீர் காட்டப் போனார். என் சர்வரைவிட ஒழுங்கான சர்வர்!

இரண்டு மணி நேரம் கழித்து, நொண்டிய காளை ஒன்றை டாக்டர் திருப்பி அனுப்பினார். "சுள்ளானைப் போட்டுரலாம்" என்றார் தலைவர். அவ்வளவுதான், மரத்தடிக்கு ஓடினேன்.

"சேத்தாச்சா தம்பி?"

"சேத்..."

மீதியை விழுங்கிவிட்டுத் திரும்பி ஓடினேன். மேஜைக்காரர் பேனாவைத் தேடி, மூடியைக் கழற்றி, பெயரை எழுதி, நம்பர் போடும்வரை அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றேன். அப்புறம்தான் வாயைத் திறந்தேன்.

"சேத்தாச்சுக்கா."

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா."

வாடிவாசலில் இருந்து பாய்ந்த சுள்ளானை ஒருவராலும் தொட முடியவில்லை. அக்கா விசிலடித்தார். என் பக்கம் திரும்பவில்லை. நியாயம்தான்.

சாயங்காலம் திருக்கோகர்ணத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ஒரு வேலை சொன்னாள். கால் மணி நேரம் கழித்துக் கேட்டாள்: "மாடியில காஞ்ச துணியை எடுத்தாச்சா?"

"இல்ல... எடுத்துட்டு வந்து சொல்றேன்."

காய்ச்சலோ என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.