தெளிந்த முகம்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியில் பெத்தம்மாளுக்குச் செக்கிங் வேலை. நூல் அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து அடையாளம் போட வேண்டும். இரண்டு வருடமாக அதைக் கண் பார்க்கவில்லை, விரல்தான் பார்க்கிறது. சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். புருஷனும் இல்லாதவள் வேறு எங்கே போவாள்? அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை, பெற்ற மகளிடம்கூட.

மறைப்பதில் மகா கெட்டிக்காரி. யார் எதிரே வந்தாலும் முந்திக்கொண்டு, "என்ன இப்படி இளைச்சிட்ட?" என்பாள். இளைத்துவிட்டாய் என்றால் யார்தான் இல்லை என்கிறார்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கட்டிக்கொடுத்த மகள் காளீஸ்வரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றாள். "அம்மா" என்ற குரல் கேட்டது. மஞ்சளாக ஒரு சேலை தெரிந்தது. அவ்வளவுதான்.

பெத்தம்மாள் வழக்கம்போல முந்திக்கொண்டாள். "வாட்டி காளி! மூஞ்சி நல்லாத் தெளிஞ்சிருக்கே. மாப்பிள்ளை நல்லா வச்சிருக்காரு போல."

காளீஸ்வரி வாசற்படி ஏறவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அப்பம் நான் வாரேம்மா" என்று திரும்பிவிட்டாள். மகளுக்கு என்ன கோபமோ என்று தாய்க்காரி குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் ஓடிவந்தாள்.

"ஏட்டி பெத்தம்மா, நீயெல்லாம் ஒரு தாயா? அந்தப் பாவி அடிச்சு, பிள்ளைக்குக் கன்னமெல்லாம் வீங்கிக் கெடக்கு. துணிமணிப் பையோட வந்தவளத் திருப்பி அனுப்பிட்டியே!"

பெத்தம்மாள் கதவைக்கூடச் சாத்தவில்லை. கிடந்தது கிடந்தபடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். எந்த பஸ், எந்த பஸ் என்று கேட்டுக் கேட்டு ஏறினாள்.

மடவார் வளாகத்தில், மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் திறந்த மகளின் கன்னத்தைத் தடவினாள். அறுந்த நூலைக் கண்டுபிடிக்கிற விரல்களுக்கு வீக்கம் உடனே தட்டுப்பட்டது. காளீஸ்வரி முகத்தை இழுத்துக்கொண்டாள்.

"எனக்குக் கண்ணு தெரியலட்டி. சத்தியமாத் தெரியல. கெளம்பு, நம்ம வீட்டுக்குப் போவோம்."

"செக்கிங் வேல பாக்குதவளுக்குக் கண்ணு தெரியலையாக்கும்! ஊரு என்ன பேசுமோன்னு பயந்து காணாத மாதிரி இருந்த. இப்பம் நாலு பேரு கேக்கவும் ஓடி வார. போம்மா."

"இல்லட்டி, கேளு…"

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மகள் உள்ளே போய்விட்டாளா, மனசு கேட்காமல் கதவுக்கு இந்தப் பக்கமே நிற்கிறாளா, பெத்தம்மாளுக்குத் தெரியவில்லை. "காளி, நிக்கியாட்டி?" என்று கேட்டுவிட்டு, முன்னால் கையை நீட்டினாள்.