அது பள்ளிக்கூடம் இல்லீங்க

எங்கள் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சர்க்கார் அதிகாரியிடம் முதன்முதலில் அடித்துச் சொன்னவர் பண்ணையின் காரியக்காரர். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்தவர்கள் நாங்கள். இதைச் சொல்லும்போதெல்லாம், ஆளை மாற்றிச் சொல்கிறாயா என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் ஒன்றையும் மாற்றவில்லை. காலம் அப்படித் தலைகீழாக நின்றது.

கீழ்வேளூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு நெடுநேரம் நடந்தால் எங்கள் திடல் வரும். நாலா பக்கமும் வயல், நடுவில் கொஞ்சம் மேடு, மேட்டில் எங்கள் குடிசைகள். வயல் பண்ணைக்குச் சொந்தம். மேடும் பண்ணைக்குச் சொந்தம். அதில் குடியிருந்து, நட்டு, களை பறித்து, அறுத்துப் போட்ட நாங்களும் பண்ணைக்குச் சொந்தம் என்றுதான் காரியக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். முதலாளி தஞ்சாவூரில் இருந்தார். அவருக்காக நெல்லையும் ஆட்களையும் மேய்த்தவர் இவர்.

போர்டு ஸ்கூல் ஆற்றுக்கு அக்கரையில், பெரிய தெருவில் இருந்தது. போவதற்கு ஒரு மூங்கில் பாலம். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் பாலம் போய்விடும். ஆறு வற்றி, மறுபடி பாலம் கட்டி முடிப்பதற்குள் பரீட்சை முடிந்து கோடை லீவு விட்டுவிடுவார்கள். போய்ச் சேர்ந்த நாட்களிலும் எங்களைக் கடைசியில், வாசற்படிக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். எங்கள் தெருவில் படித்தவர் என்று சொல்லிக்கொள்ள என் மாமா ஒருவர்தான் இருந்தார். அம்மாவின் தம்பி. நாகப்பட்டினத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது வரை போய், கணக்கில் கோட்டைவிட்டுத் திரும்பியவர்.

கூலி நெல்லை உயர்த்தக் கேட்டு அறுப்பை நிறுத்திய வருஷம், விவசாயக் கூலிகள் சங்கத்துக்கு இருந்த துணிச்சலில் மாமா திடலின் ஓரத்தில், பண்ணை வைக்கோல் போர் போடுகிற இடத்தில், ஒரு கொட்டகையைப் போட்டுவிட்டார். தெருவே கீற்று முடைந்து கொடுத்தது. மண் குழைத்துச் சுவர் எழுப்பியது பெண்கள். ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசிய ஒரு பலகை கரும்பலகை ஆனது. மாமா வாத்தியார் ஆனார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். முதல் வரிசை என்றால் என்ன என்று அப்போதுதான் பார்த்தேன். அந்தக் கர்வத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பண்ணை அப்போது வாயைத் திறக்கவில்லை. சமயம் பார்த்துக் காத்திருந்தது.

அப்புறம் அந்தச் சட்டம் வந்தது. யார் குடிசை போட்டுக் குடியிருக்கிறார்களோ, அந்த மனை அவர்களுக்கே என்று சர்க்கார் சொல்லிவிட்டது. தெருவில் ஒரே கொண்டாட்டம். தாசில்தார் நேரில் வருவார், ஒவ்வொரு குடிசையாகப் பார்ப்பார், ஆள் குடியிருந்தால் எழுதிக்கொள்வார், பிறகு பட்டா வரும். அடுப்பு எரியாத இடம் பண்ணைக்கே திரும்பிப் போகும். கொண்டாட்டம் அடங்கிய பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் யார் குடியிருக்கிறார்கள்?

காரியக்காரருக்கு அது எங்களுக்கு முன்பே உறைத்திருக்கிறது. ஒருநாள் காலையில் வந்து கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் குடைக்கம்பியால் கீற்றைக் குத்திப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

"இது வூடு இல்லியேடா. தாசில்தார் வந்துட்டுப் போன மறுநாள் ஆளோட வருவேன். கீத்த நீங்களே பிரிச்சிக்கிட்டா ஒங்களுக்கு மிச்சம்."

வாய்ப்பாடு நின்றுவிட்டது. மாமா பிரம்பால் பலகையைத் தட்டி, சொல்லுங்க என்றார். யாருக்கும் அடுத்தது என்ன என்று ஞாபகம் வரவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் தெரு கூடியது. மாமா வெகுநேரம் எதையோ விளக்கினார். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: யாராவது ஒரு குடும்பம் பள்ளிக்கூடத்தில் போய்க் குடியிருந்தால் பள்ளிக்கூடம் வீடாகிவிடும், வீடாகிவிட்டால் பண்ணை தொட முடியாது. இவ்வளவு சுலபமான காரியத்துக்கு ஒருத்தரும் முன்வரவில்லை. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் குழந்தைகளைச் சமாதானப்படுத்துவதுபோல் எழுந்து நகர்ந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. நாலு நாள் நடிக்கக்கூட இவர்களுக்கு வலிக்கிறதே என்று நினைத்தேன்.

கடைசியில் அம்மா சொன்னாள், "நாங்க போறோம்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். "நல்லா யோசிச்சித்தான் பேசுறியா?"

"எம் பொண்ணு படிக்கணுமில்ல" என்றாள் அம்மா. மாமா அக்காவின் முகத்தைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் குடிபெயர்ந்தோம். சட்டி பானை, பாய், தம்பியின் தூளி எல்லாம் கொட்டகைக்கு வந்தன. கரும்பலகையைச் செங்கல் மேல் படுக்கவைத்து அதன்மேல் அம்மா பானைகளை அடுக்கினாள். சுவரில் நாங்கள் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைத்திருந்த எழுத்துகளின்மேல் சாணியைக் கரைத்து மெழுகினாள். அதில் பாதி என் கையெழுத்து. நான் தரையில் உருண்டு அழுதேன். அவள் என்னைத் தாண்டிக்கொண்டு போய் அடுத்த சுவரை மெழுகினாள். போகும்முன் எங்கள் பழைய குடிசையின் மண்ணடுப்பை அவளே கடப்பாரையால் இடித்துப் போட்டிருந்தாள். நடிப்பதற்கு இவ்வளவு தேவையா என்று எனக்குத் தோன்றியது. திரும்பிப் போனால் மறுபடி அடுப்புப் போடும் வேலை யாருக்கு?

பள்ளிக்கூடம் நிற்கவில்லை. அம்மா ஒரு மூலையில் குழம்பு கூட்ட, மாமா இன்னொரு மூலையில் பாடம் நடத்தினார். மிளகாய் வறுத்தால் வகுப்பே இருமும். மாடு மேய்க்கிற பையன் ஒருவன் வாய்க்கால் கரையில் காவல். ஜீப்பைக் கண்டால் அவன் குரல் கொடுக்க வேண்டும். உடனே பிள்ளைகள் சிலேட்டோடு பின்பக்கமாக ஓடிக் கதிர் முற்றிய வயலுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். நான் மட்டும் ஓடக்கூடாது. நான் அந்த வீட்டுப் பெண். என்ன கேட்டாலும் இது எங்க வூடு என்று சொல்ல வேண்டும், படிக்கத் தெரியுமா என்றால் தெரியாது என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் மாமா என்னிடம் தினமும் ஒப்புவிக்கச் சொன்னார். முதலாவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டாவதை மட்டும் முணுமுணுத்தேன்.

நாட்கள் போயின, தாசில்தார் வரவில்லை. தெருவில் பேச்சுக் குறைந்துபோனது. அப்பா வேலைக்குப் போன இடத்தில் காரியக்காரர் அவரை வரப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வேலை இல்லை என்றார். அடுத்த வீட்டார் கொடுத்த அரிசியில் கஞ்சி காய்ச்சினோம். ராத்திரி சாப்பாட்டை அம்மா வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

ஜீப் வந்தது நடுப்பகலில். பையன் குரல் கொடுத்தான், பிள்ளைகள் பறந்தார்கள், மாமாவும் பின்பக்கமாக மறைந்தார். ஒரு குட்டிப்பயல் பயத்தில் சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடினான். அது தரையின் நடுவில், அப்போதுதான் எழுதிய எழுத்தோடு கிடந்தது. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா சிலேட்டை எடுத்து, கொதித்துக்கொண்டிருந்த குழம்புச் சட்டியை மூடினாள்.

தாசில்தார் குனிந்து உள்ளே வந்தார். கண்ணாடி போட்ட, களைத்துப்போன மனிதர். கூட வந்த காரியக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். வெறும் கொட்டகையாக இருந்தால் நுழைந்திருப்பார். நாங்கள் சமைத்துச் சாப்பிடும் வீட்டுக்குள் கால் வைக்க அவர் ஆசாரம் இடம் கொடுக்கவில்லை. நுழைந்திருந்தால் எங்கள் கதை அந்தச் சட்டியோடு முடிந்திருக்கும். அவர் வெளியே நின்றபடி கழுத்தை நீட்டிக் கத்தினார்.

"சார், இது பள்ளிக்கூடம் சார். இவ தம்பிதான் வாத்தியார். ஊருக்கே தெரியும்."

"அது பள்ளிக்கூடம் இல்லீங்க" என்றார் அப்பா. "நாங்க குடியிருக்குற வூடுங்க."

காரியக்காரரின் கண் என்மேல் விழுந்தது. என்னை ஜீப்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். ஜீப்பின் நெற்றியில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. "இத படிக்கச் சொல்லுங்க சார். பாலம் போயி எத்தன மாசமாச்சு? அக்கரைக்குப் போயிப் படிச்சிருக்க முடியாது. இந்தக் குட்டி படிச்சிடுச்சின்னா இங்க பள்ளிக்கூடம் நடக்குதுன்னு அர்த்தம்."

தாசில்தார் குனிந்து, "படிக்கத் தெரியுமா பாப்பா?" என்று கேட்டார்.

தமிழ்நாடு அரசு என்று எழுதியிருந்தது. எனக்கு அது பார்த்த மாத்திரத்தில் வந்துவிட்டது. என் வயதுக்கு ஓர் அதிகாரி என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டது அதுவே முதல் தடவை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். "தெரியாதுங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, பயத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். தாசில்தார் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

காரியக்காரர் விடவில்லை. "அப்ப அது யாரு வூடு சார்?" என்று தெருக்கோடியைக் காட்டினார். "இவங்க வூடு அதான். இது வேஷம்."

தலையாரி போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுப்பு இடிந்து கிடக்கிறது, ஆள் புழக்கம் இல்லை என்று சொன்னார். தாசில்தார் அம்மாவின் பக்கம் திரும்பினார். அவர் குரல் தணிந்திருந்தது.

"ஏம்மா, ஒரு குடும்பத்துக்கு ஒரு இடந்தான். இதச் சொன்னா அது போயிடும். அப்புறம் வந்து கேட்டா நா ஒண்ணும் செய்ய முடியாது. யோசிச்சுச் சொல்லு."

தெருக்கோடிக் குடிசையின் தரையை அம்மா ஒரு கோடை முழுக்க வாய்க்கால் வண்டலைக் கூடையில் சுமந்து கொட்டி உயர்த்தியிருந்தாள். ஐப்பசி மழையில் தெருவே தண்ணீரில் மிதக்கும்போது அந்த ஒரு வீட்டில்தான் அடுப்பு எரியும்.

"அது யாரு வூடுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள் அம்மா. "எங்க வூடு இதுதாங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிசிறில்லாமல் எப்படிப் புளுகுகிறாள்! என்னைப்போல அழவில்லை, திக்கவில்லை. தாசில்தார் எழுதிக்கொண்டு கிளம்பினார். காரியக்காரருக்கும் முகம் தெளிந்துவிட்டது. வைக்கோல் போர் போட்ட பள்ளத்தைக் கொடுத்துத் திடலிலேயே நல்ல மேட்டை வாங்கிக்கொண்டவர் ஏன் வருத்தப்படப் போகிறார்? ஜீப்பின் சத்தம் அடங்குவதற்குள் அவருடைய ஆட்கள் பழைய குடிசையின் கீற்றைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அதையும் நான் நாடகத்தில் ஒரு காட்சியாகவே பார்த்தேன்.

பட்டா கைக்கு வந்ததும் அப்பா அந்த இடத்தைப் பள்ளிக்கூடத்துக்கே எழுதிக்கொடுத்தார். பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கி, நான் கல்யாணமாகிப் போகும்வரை அதில்தான் இருந்தோம். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் உள்ளே வரும். இதெல்லாம் பிறகு.

அன்று வயலிலிருந்து பிள்ளைகள் முளைத்து வந்தார்கள். சிலேட்டுக்காரப் பயல் குழம்பு மணக்கும் சிலேட்டை நக்கிப் பார்த்தான். பெண்கள் ஒவ்வொருவராக வந்து அம்மாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ஜெயித்தவர்கள் ஏன் இப்படி எழவு வீட்டுக்கு வந்தவர்கள்போல் நடந்துகொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பொழுது சாய்ந்ததும் நான் என் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவின் எதிரில் போய் நின்றேன். ஆட்டம்தான் முடிந்துவிட்டதே.

"வூட்டுக்குப் போவலாம்மா."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "இதாண்டி வூடு" என்றாள்.

தாசில்தாரிடம் சொன்ன அதே குரல். யாரோ இன்னும் ஒட்டுக்கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சத்தம் காட்டாமல் போய்த் தட்டியை விலக்கி வெளியே பார்த்தேன். யாரும் இல்லை. பின்பக்கமும் போய்ப் பார்த்தேன். அங்கும் இல்லை. திரும்பி வந்து அம்மாவின் காதில் வாயை வைத்துச் சொன்னேன்.

"எல்லாரும் பூட்டாங்கம்மா. இனிமே நெசத்தச் சொல்லலாம்."