ஒயரம்மாவும் உட்காரும் உத்தரவும்

ஒயரம்மா என்று சொன்னால்தான் அந்த அலுவலகத்தில் அவளைத் தெரியும். ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்கள் சாலை விதிகளில் தேர்வு எழுதும் மையம் அது. மாடியில் நாற்பது கணினிகள். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒன்பது வருடமாக அவள் ஒருத்தி. தோளில் எப்போதும் ஒரு சுருள் ஒயர் தொங்கும். பள்ளி வேன் ஓட்டும் கணவர், "கல்யாணத்துக்குக்கூட இதை மாட்டிக்கிட்டுதான் வரப்போற" என்பார். ஒருமுறை அப்படித்தான் போனாள். மணமகன் வீட்டு மைக் செட்டு பிழைத்தது.

அந்த வாரம் புதிய தேர்வு மென்பொருள் வந்திருந்தது. திங்கட்கிழமை தேர்வு. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக ஏற்றினால் பத்து நாள் பிடிக்கும். அதனால் தன் மேசைக் கணினியை முழுதாகத் தயார்செய்து, அதன் வன்வட்டை அச்சு அசலாகப் படியெடுத்துச் சர்வரில் வைத்தாள். இனி மற்றவற்றை எழுப்பினால் போதும். கண்விழித்ததும் அவை ஒயர் வழியாக ஒரு முகவரி கேட்கும். அது கிடைத்ததும் அந்தப் படியை இழுத்துத் தாமே போட்டுக்கொள்ளும். நெட்வொர்க் பூட் என்பார்கள். நாற்பது முறை 'சரி' அழுத்த அலுப்பாக இருந்ததால், யார் வந்து கேட்டாலும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடும்படி சர்வருக்குச் சொல்லிவைத்தாள்.

வியாழக்கிழமை காலை நாற்பதையும் எழுப்பினாள். முப்பத்தொன்பது கணினிகள் 'முகவரி கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு உம்மென்று நின்றுவிட்டன. பதினேழாம் எண் மட்டும் சமர்த்தாகப் படியை இழுத்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் தலைமை எழுத்தர் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலிக்காரர்; மாடியேறிய களைப்பில் கிடைத்த நாற்காலியில் சாய்ந்தவர்.

அதே நேரம் கீழ்த்தளத்தில் மேலாளர், மெதுவாக ஓடுகிறதென்று தன் கணினியை அணைத்துப் போட்டார். யாரும் கூப்பிடாமலே அது படியை வாங்கிக்கொண்டு, தேர்வுக் கணினியாக விழித்தது. முப்பது கேள்விக்கும் விடை சொல்லாமல் வெளியே விடவில்லை. அவர் பதினொன்றுக்குச் சரியாகச் சொன்னார்.

"ஏம்மா, நான் ஃபெயில்னு போடுது! என் ஃபைலெல்லாம் எங்க?"

"ஃபைலெல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்கு சார்."

"அந்த மார்க்கு?"

"அதுவும் பத்திரமா இருக்கு சார்."

மத்தியானம் முழுக்க ஒயரம்மா ஒயர்களை மாற்றிப் பார்த்தாள், சர்வரை அணைத்துப் போட்டாள், பசியை மறந்தாள். கணவர் போனில், "முடிஞ்சுதா?" என்றார்.

"எங்கங்க! எல்லாம் முறைச்சுக்கிட்டு நிக்குது."

கடைசியில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அத்தனை ஒயரும் வந்து சேரும் பெட்டியையே பார்த்தாள். ஸ்விட்ச் என்று அதற்குப் பெயர், விளக்குப் பொத்தானோடு சம்பந்தமில்லை. போன மாதம்தான் தலைமையகம் அதைப் புதிதாக அனுப்பியிருந்தது. ஒரு கணினியை எழுப்பினால் அதன் விளக்கு அரை நிமிடம் மஞ்சளாக எரிந்தது, பிறகுதான் பச்சை. வந்திருப்பது யார் எவர் என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க விடுகிறது. கணினிக்கோ அவ்வளவு பொறுமை கிடையாது. இருபது நொடி கத்திப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறது. கீழ்த்தளத்தில் இருப்பது பழைய பெட்டி, அதற்கு இந்தச் சந்தேக புத்தி இல்லை. பதினேழாம் எண்ணுக்கு ஒயர் எட்டாததால், அவளே நடுவில் ஒரு பழைய சின்னப் பெட்டியைச் செருகியிருந்தாள். கணினி தூங்கினாலும் அது தூங்காது. அதனால் புதுப் பெட்டியில் பதினேழின் விளக்கு எப்போதும் பச்சைதான், காத்திருக்கும் வேலையே இல்லை.

அந்தச் சந்தேகத்தை நீக்க ஒரு சொடுக்கு போதும். ஆனால் கடவுச்சொல் தலைமையகத்தில் இருந்தது. எழுதிக் கேட்டாள். பத்து வேலை நாட்கள் ஆகும் என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் முகமெல்லாம் பல்லாக மாடியேறி வந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன்மா. பதினேழுல தலைமை எழுத்தர் உக்காந்திருந்தாரு. அதான் ஓடுச்சு."

"உங்க ரூம்ல அவர் உக்காரலையே சார்?"

"காலையில நான் வர்றதுக்கு முன்னாடி என் நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்காரு."

அவள் மஞ்சள் விளக்கு, பச்சை விளக்கு என்று ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார். பத்து மணிக்குள் உத்தரவு தட்டச்சாகி வந்துவிட்டது: தலைமை எழுத்தர் அவர்கள் எஞ்சிய முப்பத்தொன்பது கணினிகள் முன்பும் முறையே அமரக் கடவர். தலைமை எழுத்தர் கண்ணாடியை ஏற்றி இருமுறை படித்தார்.

"நகல் ஒண்ணு குடுங்க. பின்னாடி யாராவது ஏன் உக்காந்தேன்னு கேட்டா?"

வீட்டிலிருந்து ஒரு மெத்தை வரவழைத்துக்கொண்டு முதல் நாற்காலியில் அமர்ந்தார். ஒயரம்மா மறுத்துப் பேசி நேரத்தைக் கடத்த விரும்பவில்லை. "நீங்க உக்காருங்க ஐயா, நான் கீழ ஒயரைப் பாத்துக்கறேன்" என்று மேசைக்கடியில் புகுந்தாள். பதினேழிலிருந்து கழற்றிய சின்னப் பெட்டியில் ஒரே சமயத்தில் நான்கு கணினிகளை மாட்டலாம். மாட்டினாள். நான்கும் விழித்தன.

"ஏம்மா, நான் ஒண்ணுலதான உக்காந்தேன்? நாலு ஓடுதே!"

"ஓடட்டும் ஐயா, அசையாதீங்க."

வாசலில் நின்ற மேலாளர் கண் கலங்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் நாற்பதும் தயார். திங்கட்கிழமை தேர்வு பிசகில்லாமல் நடந்தது.

ஒயரம்மா நடந்ததை நடந்தபடி எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினாள். மேலாளரும் எழுதினார். அவர் கடிதம் முதலில் போய்ச் சேர்ந்தது. மற்றக் கிளைகளிலும் இதே தொல்லையாம். தலைமை எழுத்தர் சுற்றுப்பயணம் போகவேண்டும், மெத்தை தூக்க ஒயரம்மாவும் கூடப் போகலாம் என்று உத்தரவு வந்தது.

மூன்று கிளைகளில் அவர் உட்கார்ந்தார், அவள் குனிந்தாள். நான்காவது கிளைக்குப் போகும் பேருந்தில் அவர் மெல்லக் கேட்டார்.

"மறைக்காம சொல்லும்மா. நானா, கீழ நீ மாட்டுற டப்பாவா?"

"டப்பாதான் ஐயா."

"நல்லவேளை" என்றார். "எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு வீட்டுக்காரி பயந்துட்டிருக்கா. ராத்திரி மிக்சிகிட்ட கூட என்னை விடறதில்ல."

அந்தக் கிளையின் வாசலில் இறங்கும்போதே உள்ளே ஒரே கைதட்டல். நாற்பது கணினிகளும் தாமாகவே படியை வாங்கிக்கொண்டிருந்தன. தலைமையகத்தில் யாரோ, யாருக்கும் சொல்லாமல், அந்த ஒரு சொடுக்கைச் சொடுக்கிவிட்டார்கள்.

"ஐயா இன்னும் மாடியே ஏறல, அதுக்குள்ள வேலை செய்யுது!" என்று அந்தக் கிளை மேலாளர் ஓடிவந்து கும்பிட்டார்.

தலைமை எழுத்தர் ஒயரம்மாவைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள். இருவரும் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தார்கள். மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று கணவருக்குப் போன் செய்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.