இனிஷியல் மாறியவள்

வேலை குவிந்தால் எனக்குக் கைகால் ஓடாது, வாய் மட்டும் ஓடும். ஜோக்கடிப்பேன். அன்றைக்கும் அப்படித்தான்.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் கம்பெனி, ஊழியர்களின் மெடிக்கல் இன்ஷூரன்ஸை வேறு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றியது. எங்களிடம் ஊழியர் பட்டியல் இருந்தது. பழைய இன்ஷூரன்ஸ்காரர்கள் குடும்பத்தார் பட்டியலைத் தந்தார்கள். அதில் ஊழியர் எண் கிடையாது, ஊழியரின் பெயரும் இனிஷியலும்தான். சாயங்காலத்துக்குள் இரண்டையும் இணைத்துப் புதியவர்களுக்கு அனுப்ப வேண்டியவன் நான்.

பக்கத்து சீட்டுப் பெண், கோலார் தங்கவயலிலிருந்து தினம் ரயிலில் வருகிறவள், சொன்னாள்: "நானூறு பேர்தானே ண்ணா. ஆளுக்குப் பாதியா ஒவ்வொண்ணாத் தேடிப் பாத்துடலாம்."

"ஒவ்வொண்ணாப் பாக்க இது என்னம்மா, பொண்ணு பாக்கற படலமா?" என்றேன். பெயரும் இனிஷியலும் ஒத்துப்போனால் சேர்த்துக்கொள் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளை போட்டேன். நொடியில் முடிந்தது. ஒத்துப்போகாதவர்களை அது சத்தமில்லாமல் கழற்றிவிடும் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேர் கழன்றார்கள் என்று பார்க்கப் பயம். அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். சுரங்கத்தில் உழைத்த அப்பாவுக்கு மூச்சுத்திணறல். இன்ஷூரன்ஸில் அவர் பெயரே இல்லை, முன்பணம் கட்டாமல் சேர்க்க முடியாது என்று கவுன்ட்டரில் சொல்கிறார்களாம்.

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பார்த்தவர்கள் எனக்கு மூலவியாதி என்று நினைத்திருப்பார்கள். பிறகு தேடினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. போன வருஷம் கல்யாணமானதும் எங்கள் பட்டியலில் கணவன் இனிஷியலுக்கு மாறியிருந்தாள். இன்ஷூரன்ஸ் பட்டியலில் இன்னும் அப்பா இனிஷியல்.

திருத்தி அனுப்பினேன். மறுநாள்தான் பெயர் ஏறும் என்று பதில் வந்தது. மத்தியானம் வரை பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அவரை, கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பிழைத்தார். இப்போது வீட்டில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு.

இரண்டு வாரம் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். அவள் எதிரிலேயே மானேஜர் என்னிடம் என்ன நடந்தது என்று கேட்டார். சிஸ்டம் சரியாக லிங்க் செய்யவில்லை என்றேன்.

அவள் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சிஸ்டத்துக்கு எங்கப்பாவத் தெரியாது ண்ணா. என் கல்யாணத்துல அவர் பக்கத்துல உக்காந்து சாப்ட்டது நீங்கதானே?"

தமிழ் தெரியாத மானேஜர், இது எங்களுடைய வழக்கமான கேலி என்று நினைத்துச் சிரித்தார்.

நானும் கூடவே சிரித்தேன்.