மின்சாரம் போனால் மைக் என்ன செய்யும்

தைராய்டு அறுவைக்குப் பிறகு என் மனைவி மேடையேறப்போகும் முதல் கச்சேரி அது. பாடலாம் என்று மருத்துவர் அனுமதித்திருந்தார். ஆனால் குரலை உயர்த்திக் கத்தக் கூடாது. ஒரு தடவை அழுத்தினாலும் தேறிவந்த குரல் மறுபடி உடைந்துவிடக்கூடும். அவளோ மைக் இல்லாத கூடங்களில் பாடிப் பழகியவள். மைக் நின்றால் யோசிக்காமல் தொண்டையைத் திறந்துவிடுவாள். அதனால் மைக் செட் பிடிக்கும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமத்துக் கோயில் விழா. சாயங்காலத்தில் அங்கே மின்சாரம் போவது புதிதல்ல. கும்பகோணத்துக் கடையில் ஒரு புது மிக்சரைக் காட்டினார்கள். ஒலி அருமை.

"மெயினை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க" என்றேன்.

"பொண்ணு பார்க்க வர்றவங்ககூட இவ்வளவு சோதிக்க மாட்டாங்க சார்" என்றபடி கடைக்காரர் அணைத்துப் போட்டார். அந்த மிக்சர் கண்விழித்து ஒலி வருவதற்குள் மனத்துக்குள் ஒரு பல்லவியைப் பாடி முடித்துவிட்டேன். வேண்டாம் என்றேன். மின்சாரம் வந்ததுமே வேலை செய்யும் பழைய மாதிரி மிக்சர் ஒன்று, சின்ன ஆம்ப்ளிஃபயர், இரண்டையும் தாங்கும் யூபிஎஸ் பெட்டி என்று கேட்டு எடுத்தேன். மூன்றையும் இணைத்து, மறுபடி மெயினை அணைத்து, மைக்கில் பேசிப் பார்த்தேன். பேச்சு அறுபடவில்லை.

விழா அன்று கச்சேரி தொடங்கியபின் மேடைக்குப் பின்னால் போனேன். யூபிஎஸ் பெட்டியிலிருந்து எங்கள் ஒயரோடு இன்னொரு ஒயரும் போனது. உற்சவர் மேல் அடிக்கும் பெரிய விளக்கு. விழாக்குழுக்காரர் ஒருவர் செருகியிருந்தார்.

"அண்ணே, இதைக் கழட்டுங்க. கரண்ட் போனா பெட்டி தாங்காது."

"சாமி இருட்டுல நிக்கணுங்கிறீங்களா?"

"உங்ககிட்டதான் ஜெனரேட்டர் இருக்கே?"

"ஜெனரேட்டர்காரன் கயித்த இழுத்துக் கிளப்புற வரைக்கும்? சாமி விளக்குல நான் கை வைக்க மாட்டேன். தைரியமிருந்தா நீங்க வைங்க பார்ப்போம்."

என் கை ஒயர் வரை போய்த் திரும்பியது. ஜெனரேட்டர்காரரைத் தேடி ஓடினேன். "தயாரா இருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பந்தல் இருண்டது. யூபிஎஸ் நீளமாக ஒருதரம் கத்திவிட்டு அடங்கியது. சாமியும் இருட்டில், மைக்கும் ஊமை.

அவள் அப்போது சரணத்தில் மேல்ஸ்தாயி வரிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். மேடையை நோக்கி ஓடினேன். ஒரு கணம் அவள் குரல் எழும்புவது கேட்டது. சட்டென்று குரல் நின்றது. வயலின் மட்டும் அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனது.

"பாடுங்கம்மா, கேக்குது!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அவள் பாடவில்லை. யாரோ உயர்த்திப் பிடித்த செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். உதடுகள் மூடியிருந்தன. தொடையில் தாளம் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

ஜெனரேட்டர் உறுமியது. மைக் உடனே உயிர்பெற்றது. விட்ட வரியை மெதுவாக எடுத்தாள்.

இறங்கி வந்ததும், "ஏதாவது பேசு" என்றேன்.

"உங்க பெட்டிதான் கத்துச்சு. நான் கத்தல."

கரகரப்பு இல்லை. ஆனாலும், "இன்னொரு தரம் சொல்லு" என்றேன்.

"போதுங்க, எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள், நல்ல குரலில்.